நல்லதங்காள் கதை காட்டும் குடும்பமும் சமுதாயமும்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று ஒரு பழைய பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது நல்லதங்காள் பாட்டு. இந்தப் பெயரைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் பினாங்கிலும் அரிது. செபராங் பிறை, கெடா, பேராக் தோட்டங்களிலும் அரிது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய நல்லதங்காள் நாடகம் நடந்ததுண்டு. பெரட்டுக்கு மணி அடிக்கும் வரை பந்தலை விட்டு எழாமல் அழுது தீர்த்த தாய்மார்கள் உண்டு. எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிக்க, லயத்து வாசலில் பத்துக் குடும்பங்கள் கூடியிருந்து கேட்டதும் உண்டு.

அழுதோம், சரி. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டாமா? நல்லதங்காள் ஏன் இறந்தாள்?

அண்ணி மூளி அலங்காரி கொடியவள், அதனால் இறந்தாள் என்று குழந்தையும் விடை கூறும். பாட்டும் அப்படித்தான் தீர்ப்புக் கூறுகிறது. தீர்ப்பு அதுவே ஆயினும், பாட்டுக்குள்ளே கிடக்கும் சாட்சியம் வேறு. அந்தச் சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அக்காலத்துக் குடும்பம் எப்படி இருந்தது, சொத்து யார் கையில் இருந்தது, பெண்ணுக்கு இருந்தது என்ன, இல்லாதது என்ன என்பன தெரியவரும். இன்றைக்கு அதைச் செய்வோம்.

பாட்டும் அதன் காலமும்

சென்னையில் இரத்தின நாயகர் போன்ற பதிப்பாளர்கள் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களில் நல்லதங்காள் கதையும் ஒன்று. 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே போய்வந்த ரஜூலா கப்பலை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய கப்பல்களில் வந்திறங்கிய தகரப் பெட்டிகளுக்குள் வேட்டி சேலையோடு இத்தகைய புத்தகங்களும் வந்தன.

நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரே இதனையும் பாடினார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அல்லி அரசாணி மாலை முதலிய பல கதைப்பாடல்களையும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதனை ஒப்புவதில்லை. நளவெண்பாவின் தமிழ் வேறு, இந்தப் பாட்டுகளின் தமிழ் வேறு. இவை மக்கள் வாயில் பிறந்து, பாடுவோர் நாவில் வளர்ந்து, பிற்காலத்தில் ஏட்டிலும் அச்சிலும் ஏறியவை. நாயக்கர் ஆட்சியும் பாளையக்காரர் ஆட்சியும் நடந்த 16ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட உலகமே நம் கதைப்பாடல்கள் பலவற்றின் பின்னணி.

ஆகவே நல்லதங்காள் என்று ஒரு ராணி இன்ன ஆண்டில் வாழ்ந்தாள் என்று நிரூபிக்க இந்தப் பாட்டு உதவாது. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே அவளுக்குக் கோயில் இருப்பது உண்மை. அவள் விழுந்த கிணறு இதுவே என்று மக்கள் காட்டுவதும் உண்மை. எனினும் நாம் தேடுவது அரசர் பட்டியலை அன்று. அரசன் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் விட்டான் என்பதைக் கல்வெட்டு சொல்லும். ஒரு வீட்டில் யார் பானையில் யார் உண்டார்கள், யார் வாசலில் யார் நின்றார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அதைச் சொல்வது பாட்டு. ஏனெனில், கேட்பவர்கள் தங்கள் வீட்டை அதிலே அடையாளம் கண்டிராவிட்டால், இத்தனை தலைமுறை அது நிலைத்திராது.

கதைச் சுருக்கம்

பாடுவோர்க்கு ஏற்பப் பாடம் மாறும், முதுகெலும்பு ஒன்றுதான். நல்லதம்பியும் நல்லதங்காளும் உடன்பிறந்தவர்கள். தாய் தந்தையர் காலத்துக்குப் பின் நல்லதம்பி நாட்டையும் வீட்டையும் ஆள்கிறான். தங்கையை மானாமதுரையில் காசிராஜனுக்குக் கட்டிக்கொடுத்துச் சீர் செய்து அனுப்புகிறான். ஏழு பிள்ளைகள் பிறக்கின்றன. பிறகு மானாமதுரையில் மழை பொய்த்துப் பன்னிரண்டு வருடப் பஞ்சம் வருகிறது. உள்ளதையெல்லாம் விற்றுத் தின்ற பிறகு, அண்ணன் வீடு போகலாம் என்கிறாள் நல்லதங்காள். வாழ்ந்து கெட்டவர்கள் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கலாகாது என்று கணவன் தடுக்கிறான். பிள்ளைகளின் பசி அவன் மானத்தை வென்றுவிடுகிறது. ஏழு பிள்ளைகளோடும் அவள் புறப்படுகிறாள்.

அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி கதவை அடைக்கிறாள். பிள்ளைகள் எடுத்த பழத்தையும் கையிலிருந்து பிடுங்குகிறாள். மட்கிய கேழ்வரகையும், ஓட்டைப் பானையையும், எரியாத பச்சை மட்டையையும் கொடுத்து, காய்ச்சிக் குடி என்கிறாள். காய்ச்சிய கூழும் பிள்ளைகள் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. மனமுடைந்த நல்லதங்காள் பாழுங்கிணற்றுக்குச் செல்கிறாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தானும் விழுகிறாள். தலைமகன் தன்னையாவது விட்டுவிடும்படி கெஞ்சுகிறான், அவனையும் விடவில்லை. அண்ணன் திரும்பிவந்து உண்மை அறிந்து மனைவியைத் தண்டித்துத் தானும் மாய்கிறான். முடிவில் சிவபெருமான் தோன்றி மாண்டவர்களை எழுப்புகிறார்.

தோழர்களே, இந்தக் கதையில் ராஜா இருக்கிறான், ராணி இருக்கிறாள், சேனையைக் கண்டீர்களா? மந்திரியைக் கண்டீர்களா? களஞ்சியத்தை நிர்வகிப்பவள் வீட்டுக்காரி; சமைக்க அடுப்பும் மட்டையும் தேடுகிறாள் ஒரு ராணி! இது ராஜா வீட்டுக் கதை அன்று. கொஞ்சம் நிலபுலமும் மாடு கன்றும் உடைய ஒரு குடியானவன் வீட்டுக் கதை. ராஜா என்ற கிரீடத்தை எடுத்துவிட்டால் நமக்குத் தெரிந்த குடும்பம்தான்.

சீர் கரையும், நிலம் கரையாது

முதற் சாட்சியம் இது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் நாடும் வீடும் களஞ்சியமும் அண்ணனுக்குப் போயின. தங்கைக்குக் கிடைத்தது சீர்: நகை, பாத்திரம், துணிமணி. அத்துடன் ஒரு வாக்குறுதி: உனக்கு ஒரு குறை வந்தால் அண்ணன் இருக்கிறேன் என்பது.

அந்த வாக்குறுதி வெறும் பேச்சன்று என்பதையும் சொல்ல வேண்டும். தங்கை பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும்; அவள் மகள் பெரியவளானால் மாமன் சீர் வேண்டும்; கல்யாணத்தில் மாமன் முன்னே நிற்க வேண்டும். அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் முறைக்காரர்கள். இன்றைக்கும் நம் தோட்டத்துக் குடும்பங்களில் மாமனுக்கு உள்ள இடம் நாமறிந்ததே. பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு பெறாத பெண்ணுக்கு, வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஏதோ ஒரு பங்கைத் திருப்பித் தர நம் முன்னோர் கண்ட ஏற்பாடு இது எனலாம்.

ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். நகை விற்றால் போயிற்று. பாத்திரம் அடகு வைத்தால் போயிற்று. நிலமோ அடுத்த மழைக்கு மீண்டும் விளையும். பஞ்சம் வந்தபோது தங்கையின் பங்கு கரைந்துவிட்டது. அண்ணனின் பங்கு அப்படியே நின்றது. அவளுக்கு எஞ்சியது அண்ணனின் அன்பு ஒன்றே. நல்லதம்பி அன்பில் குறைந்தவன் அல்லன். அவன் வேட்டைக்குப் போயிருந்தான், அவ்வளவுதான். அவன் வீட்டில் இல்லாத அந்தச் சிறு பொழுதில் அவளுக்கு இந்த உலகில் ஒன்றுமே இல்லாமற் போயிற்று. ஒருவன் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து ஏழு பிள்ளைகளின் உயிர் ஊசலாடுமானால், அதற்கு உரிமை என்று பெயரில்லை. தயவு என்றுதான் பெயர்.

இரண்டு பெண்கள், ஒரு களஞ்சியம்

இனி அலங்காரியைப் பார்ப்போம். அவளுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பசித்த பிள்ளையின் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கியவளை யாரும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பது மன்னிப்பதாகாது.

அலங்காரியும் ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்கு வந்தவளே. அவள் பிறந்த வீட்டுச் சொத்தும் அவள் உடன்பிறந்த ஆண்களோடு நின்றுவிட்டது. வந்த வீட்டில் அவள் கையில் இருப்பது களஞ்சியத்துச் சாவி; களஞ்சியம் அவளுடையதன்று. கணவன் முகம் கோணினால் சாவியும் போய்விடும். அப்படிப்பட்டவள் வாசலில் யார் வந்து நிற்கிறார்கள்? கணவனின் மனத்தில் அவளைவிட மேலான இடம் பெற்ற தங்கை. முறை கொண்டாட உரிமையுள்ள ஏழு பிள்ளைகள். எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாத பஞ்ச காலம். அவள் உள்ளத்தில் பொறாமை மட்டும் இருக்கவில்லை, அச்சமும் இருந்தது.

ஆக, தோழர்களே, சொந்தமில்லாத ஒரு களஞ்சியத்துக்காக, சொந்தமில்லாத இரண்டு பெண்கள் வாசலில் மோதிக்கொண்டார்கள். சொந்தக்காரன் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தான். கடைசியில் பழி யார்மேல் விழுந்தது? இரண்டு பெண்களின் பெயரே ஊர்ப் பேச்சில் நின்றது: ஒருத்தி பெயர் சாபத்துக்கு, ஒருத்தி பெயர் அழுகைக்கு. இந்தப் பங்கீட்டை ஏற்படுத்திவைத்த முறையை யாரும் ஏசவில்லை. மாமியார் மருமகள் சண்டை, நாத்தனார் சண்டை என்று நாம் சிரித்துப் பேசுகிறவற்றில் பாதி இப்படிப்பட்ட களஞ்சியச் சண்டைகளே.

பஞ்சம் எது?

பன்னிரண்டு வருடப் பஞ்சம் என்பது தமிழில் பழைய வழக்கு. பாண்டிய நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வந்ததாக இறையனார் களவியல் உரையும் கூறுகிறது. மழை பொய்த்தது, அதனால் பஞ்சம் என்பதே பொதுப் பேச்சு. பாட்டோ இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. மானாமதுரையில் மழை இல்லை. அண்ணன் ஊரில் நெல் இருந்தது. பிள்ளைகள் பழம் எடுக்கும் அளவுக்கு வீட்டில் பண்டம் இருந்தது. பசியால் வாடிய பிள்ளைகள், நிறைந்த வீட்டின் வாசலிலிருந்துதான் கிணற்றுக்குப் போனார்கள்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் பஞ்சங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து அவர் கண்ட முடிவு இது: நாட்டில் உணவு இருக்கும்போதே மனிதர் பட்டினியால் சாகலாம், அந்த உணவைப் பெறுதற்கு அவர்களிடம் வழியும் உரிமையும் இல்லாமையே காரணம். பொருளாதாரம் இதனை ஆராய்ந்து சொல்வதற்கு முன்பே நம் தெருப்பாடகன் இதனை ஒரு கதவாகவும் தாழ்ப்பாளாகவும் காட்டிவிட்டான்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறி அயல்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. மூளி அலங்காரி அளந்துபோட்ட மட்கிய கேழ்வரகு நினைவுக்கு வரவில்லையா?

பசியும் கடனும் தள்ளத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்தனர். செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் வந்திறங்கிய துறை இந்தப் பினாங்கு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்தது. கங்காணி மூலம் ஆள் கட்டும் வழி 1938இல் இந்திய அரசின் தடையால் அடைபட்டது. அதற்குள் வந்துசேர்ந்த ஆயிரமாயிரம் தாய்மார்கள், கிணற்றங்கரையில் நிற்காமல் கப்பல் ஏறிய நல்லதங்காள்கள் அல்லவா?

கேட்பார் இல்லாத ஊர்

இன்னொரு சாட்சியம். கதையில் ஊர் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, நடந்ததைக் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நாம் கேட்ட பாட்டில் ஒரு பஞ்சாயத்துக் கூடி நல்லதங்காளின் வழக்கைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னவென்று அவள் முறையிடுவாள்? அண்ணன் வீட்டில் எனக்கு இன்ன பங்கு உண்டு என்று சொல்ல அவளிடம் ஓலையும் இல்லை, வழக்கமும் இல்லை. அதனால்தான் நியாயம் வழங்கக் கடைசியில் கயிலாயத்திலிருந்து சிவபெருமானே இறங்கிவர வேண்டியதாயிற்று. மனிதரிடம் வழியில்லை என்பதைப் பாடியவன் உணர்ந்தேயிருந்தான்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். தலைமகன் கெஞ்சுகிறான், அவன் சொல் எடுபடவில்லை. பிள்ளை என்பது தாயின் உடலில் ஓர் உறுப்பு, அவள் போனால் அதுவும் போகவேண்டியதே என்று எண்ணிய காலம் அது. நல்லதங்காளைத் தெய்வமாகக் கும்பிடுவோரின் உள்ளத்தை நாம் புண்படுத்தவில்லை. ஆயினும் அவள் பட்ட துயரத்தை வணங்குவோம். அவள் சென்ற கிணற்றை வழியாகக் கொள்ளமாட்டோம். துன்பத்தில் தனித்து நிற்கும் தாய் யாரேனும் நம் பக்கத்து வீட்டில் இருந்தால், அவள் கதவைத் தட்டிக் கேட்பது நம் கடமை.

மற்றப் பாட்டுகளின் சாட்சியம்

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. கொங்கு நாட்டில் பாடப்படும் அண்ணன்மார் கதையிலும், பொன்னர் சங்கரின் தாய் தாமரை, பிள்ளையில்லாதிருந்த காலத்தில் பிறந்த வீட்டு வாசலில் அவமதிக்கப்படுகிறாள். கானடா நாட்டு அறிஞர் பிரெண்டா பெக் 1960களில் இந்தக் கதையைப் பாடகர் வாயிலிருந்தே ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். மானாமதுரை எங்கே, கொங்கு நாடு எங்கே? இரண்டிடத்திலும் பெண் நிற்பது உடன்பிறந்தவன் வாசலில்.

மேல்நாட்டிலும் இப்படியே. பிரிட்டனின் பழைய கதைப்பாடல்கள் 305ஐத் திரட்டி, சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1882 முதல் 1898 வரை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று கொடிய அண்ணன் கதை. தங்கையின் கல்யாணத்துக்கு எல்லாரிடமும் சம்மதம் கேட்ட மாப்பிள்ளை, அவள் அண்ணனை மட்டும் கேட்காமல் விடுகிறான். கல்யாண நாளன்றே அண்ணன் தங்கையைக் கத்தியால் குத்துகிறான். நம் பாட்டில் அண்ணன் அன்புடையவன். அவர்கள் பாட்டில் கொடியவன். இரண்டிலும் தங்கையின் வாழ்வு அவன் கையில்.

அப்படியானால் முற்காலத்தில் எந்தப் பெண்ணுக்கும் எதுவுமே இல்லையா? அப்படியும் சொல்லலாகாது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கைம்பெண்ணாக இருந்தே கற்கோயில்கள் பல எடுப்பித்தார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. அவர்கள் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. அவர்கள் ராணிகள் அல்லர். கோயிலில் ஆடப் பணிக்கப்பட்டவர்கள். அந்த வாழ்விலும் கட்டுப்பாடுகள் இருந்தன. எனினும் அவர்கள் பங்கு கல்லில் எழுதப்பட்டிருந்தது. ராணியாகப் பாடப்பட்ட நல்லதங்காளின் பங்கு எங்கும் எழுதப்படவில்லை. இதுவே இந்தப் பாட்டு நமக்குச் சொல்லும் சேதி: எழுதப்படாத பங்கு, பஞ்சம் வந்தால் இல்லாத பங்கு.

எழுதத் தொடங்கிய காலம்

எழுதுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு என்பது மகனுக்கே நின்றது. தமிழ்நாடு 1989இல் அதனைத் திருத்தியது. 2005இல் இந்தியா முழுவதும் திருந்தியது. கதை பிறந்த மண்ணிலேயே, தங்கைக்கும் அண்ணன் வீட்டில் பங்கு உண்டு என்று எழுத இத்தனை காலம்!

நாம் வாழும் நாட்டில், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்துபோன முஸ்லிம் அல்லாதாரின் சொத்தில் பிள்ளைகளுக்குள் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை. இதனை அறியாமல், கல்யாணத்தோடு உன் கணக்குத் தீர்ந்தது என்று அண்ணன் சொல்ல, தங்கை தலையாட்டிப் போகும் வீடுகள் இன்றும் உண்டு.

தோட்டத்தில் என்ன எழுதப்பட்டது என்று பாருங்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்சம்பளம் நிர்ணயித்தார்கள். ஒரே வெயிலில் வேலை செய்தவளுக்குப் பத்துக் காசு குறைத்தது அநீதி. எனினும், அந்த 40 காசு செக்ரோல் புத்தகத்தில் அவள் பெயரிலே எழுதப்பட்டது. பல வீடுகளில் அதைப் புருஷன் வாங்கிக் கள்ளுக்கடையில் கொட்டினான் என்பதும் மெய்யே. ஆயினும் உளியும் வாளியும் எடுத்துப் பால்மரத்தடிக்குப் போனவள், அண்ணன் வீட்டுக் களஞ்சியத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. நல்லதங்காள் நாடகம் பார்த்து அழுத தாய்மார்கள், நல்லதங்காளுக்கு இல்லாத ஒன்றைத் தங்கள் கையால் ஈட்டியவர்கள். இதை அவர்களின் பேரப்பிள்ளைகள் மறக்கலாகாது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. வேலையோடு சேர்ந்த வீடு, வேலை போனால் போய்விடும். லயத்தை விட்டு வெளியேறிய முதிய தாய் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக நடப்பதைக் காண்கிறோம். அந்த வாசலில் நிற்கும் மருமகளை அலங்காரி என்று ஏசுவது சுலபம். தாயின் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

ஆகவே மூன்று காரியங்களை இங்கே கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, 1951 முதல் நடந்துவரும் ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் எழுதி வையுங்கள். முன்பே எழுதியவர்கள், கல்யாணமோ குழந்தைப் பேறோ ஆனபின் அதைச் சரிபாருங்கள். இரண்டாவது, கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காமல் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவில்லாத மனைவி, கணவன் இறந்த மறுநாள் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். மூன்றாவது, வீடோ மனையோ வாங்கினால், சேர்ந்து உழைத்த மனைவியின் பெயரையும் பத்திரத்தில் ஏற்றுங்கள். மகளுக்குரியதை மகளுக்குச் சொல்லுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். அந்நாளில் செக்ரோலில் பெயர் எழுதியது உங்கள் பேனா. பாரம் நிரப்பத் தெரியாத பால்வெட்டுக்காரர் உங்களிடம் வந்தால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் பிழையின்றி எழுதிக் கொடுங்கள். ஓரெழுத்துப் பிழையால் ஒரு விதவையின் பணம் மாதக்கணக்கில் முடங்கலாம்.

பாட்டைப் பாடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அண்ணன் தங்கை பாசத்துக்கு இதைப்போல் இன்னொரு பாட்டு நமக்கு இல்லை. ஆனால் பாடி முடித்ததும், அந்த வீட்டில் நல்லதங்காளுக்குரிய பங்கு எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அடுத்த வாரம் சேமநிதி, கல்யாணப் பதிவு பாரங்களோடு இதே மண்டபத்தில் அமர்ந்திருப்போம். வரும்போது அடையாள அட்டையையும் மனைவி மக்களையும் மறக்காமல் அழைத்தும் எடுத்தும் வாருங்கள்.